மருமகள் கட்டிய கதை

சம்பந்தியிடம் வாங்கிய கடன் நாற்பதாயிரம். உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் கடன்படலாம். கந்துவட்டிக்காரன்கூட வாசலில் நின்று நாலு வார்த்தை கத்திவிட்டுப் போய்விடுவான். சம்பந்தி கத்தமாட்டார். மகளைப் பார்க்க வருகிற சாக்கில் வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "தொழில் எல்லாம் எப்படிப் போகுது?" என்பார். வாயைத் திறப்பதற்குள், "அவசரமே இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று முடித்துவிடுவார். அந்தச் சும்மாவைத்தான் தாங்க முடியாது.

கடன் வாங்கியவருக்குத் தெருவே வைத்த பேர் மூணாங்கிளாஸ். அவர் படித்தது அவ்வளவுதான். வெட்கப்பட வேண்டிய விஷயத்தைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொள்ளத் தெரிந்த மனிதர். "நான் மூணாங்கிளாஸ்தான், ஆனா..." என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் பஸ்ஸை விட்டுவிட வேண்டியதுதான். வாடகை சைக்கிள் கடை, பிறகு வீடியோ கேசட் கடை, பிறகு இன்டர்நெட் கடை. இப்போது அதே ஹாலில் பன்னிரண்டு கம்ப்யூட்டர் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாட விடுகிறார். ஒவ்வொரு தொழிலையும் தெருவில் முதலில் ஆரம்பித்தது தானே என்பார். முடிந்துபோன தொழில்களை முதலில் மூடியதும் அவர்தான், அதைச் சொல்லமாட்டார்.

நாற்பதாயிரமும் ஒரு விளையாட்டுக்காகப் போனது. கத்தி கேடயத்தோடு ஒரு ஆளாக நாமே உள்ளே புகுந்து, ஊர் ஊராக நடந்து, கண்டவரோடு பேசி, வேண்டாதவரை வெட்டி, ஒரு கதையை வாழ்ந்து தீர்க்கிற ரகம். பெரிய கம்பெனி செய்தது, கதையும் கம்பெனியே எழுதியது, அதுவும் தமிழில். பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கும் வாங்கி, அதைத் தாங்குகிற கிராபிக்ஸ் கார்டும் போட்டார். பணத்தை வாங்கும்போது வாயைச் சும்மா வைத்திருந்திருக்கலாம். உறவெல்லாம் கூடியிருக்க, "வருஷம் திரும்பறதுக்குள்ள திருப்பித் தரல, இந்த ஹாலை உங்க தம்பி மருந்துக்கடைக்கு விட்டுட்டு நான் வீட்ல உக்காந்துடறேன்" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார். சம்பந்தியின் தம்பி மறுவாரமே வந்து ஹாலின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனார்.

கம்பெனிக் கதை வந்தது. உலகம் அழியப் போகிறது. காப்பாற்ற ஒரே ஒருவனால்தான் முடியும், அது நீங்கள்தான். எந்த ஊருக்குப் போனாலும், "உங்களுக்காகவே காத்திருந்தோம், வீரரே" என்று கிழவர்கள் கைகூப்புவார்கள். எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் அதே கோட்டை, அதே பறக்கும் ராட்சசப் பல்லி.

டயர் கடைக்காரர் தினமும் வருகிற வாடிக்கை. முதல் வாரத்திலேயே அவர் முகம் சுளித்தார்.

"அண்ணே, எட்டு ஊருக்குப் போயிட்டேன். எட்டு ஊர்லயும் எனக்காகக் காத்திருந்தோம்ங்கறாங்க. எங்க வீட்லயே எனக்காக யாரும் காத்திருந்ததில்ல. நம்பற மாதிரியா இருக்கு?"

"காசு குடுத்தா மரியாதை குடுக்கறான். அதுலயும் குத்தமா?"

"அது கெடக்கட்டும். இங்க வந்து படிங்க."

மூணாங்கிளாஸ் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'இந்த மார்பு பூட்டப்பட்டுள்ளது. மார்பைத் திறக்கச் சாவி தேவை.' திரையில் ஒரு மரப்பெட்டி நின்றது. பெட்டிக்கும் மார்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாம். தமிழ்ப்படுத்தியவன் பெட்டியைப் பார்க்கவே இல்லை. வில்லுக்கும் கும்பிடுக்கும் அதே கதிதான். 'முதுகில் இருக்கும் வணக்கத்தை எடுத்து எதிரியைக் குறிபார்க்கவும்' என்று அடுத்த பக்கம் சொன்னது. ஹாலே சிரித்தது.

"சிரிக்காதீங்கப்பா" என்றார் மூணாங்கிளாஸ். "நான் மூணாங்கிளாஸ்தான், ஆனா எனக்குப் புரியுது. பெட்டியைத் தெறக்கறதுக்கு முன்னாடி மனசைத் தெறன்னு சொல்றான். கம்பெனிக்காரன் காரணம் இல்லாம எழுதுவானா?"

இதற்குமேல் பேச்சு வளர்ப்பானேன் என்று டயர் கடைக்காரர் எழுந்து போனார். அவர் பின்னால் கல்லூரிப் பையன்கள், கூரியர் ஆட்கள் என்று ஒவ்வொருவராக வருவது நின்றது. பன்னிரண்டு நாற்காலியில் ஒன்பது காலி. சம்பந்தியின் தம்பி மறுபடி ஒருமுறை அந்தப் பக்கமாக நடந்து போனார்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு சாயங்காலம், பன்னிரண்டாம் கம்ப்யூட்டரில் மருமகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கூரியர் ஆபீசில் பில் போடுகிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து வந்து, மூலையில் ஃபேன் காற்று வராத அந்தக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பாள். ஆபீஸ் வேலை போலிருக்கிறது என்று விட்டிருந்தார். எட்டிப் பார்த்தால் திரையில் ஒரு மலை. அதன் நடுவே ஒரு வாசல். வாசலில் ஒரு பூதம்.

"என்னம்மா இது?"

"கதை கட்டறேன், மாமா. விளையாட்டோடவே அதுக்கான கருவியையும் குடுத்திருக்கான். மலை, வீடு, ஆளு எல்லாம் இருக்கு. எடுத்து வச்சு, பேச வேண்டியதை நாம எழுதிக்கலாம்."

"நாற்பதாயிரம் குடுத்து கம்பெனிக் கதை வாங்கி வச்சிருக்கேன். நீ வீட்ல கதை கட்டறியா? கம்பெனிச் சரக்குன்னா கம்பெனிச் சரக்குதான். கையால செஞ்சதை எவன் மதிப்பான்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க எந்தக் கம்பெனிச் சரக்கு, மாமா?"

நாற்பது வருஷமாக யாரும் உருவாக்காமல் தன்னைத் தானே உருவாக்கிக்கொண்டதாகத் தெருவெல்லாம் முழங்கியவர் அவர். "ஃபேனைப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவள் கட்டிய கதையில் உலகம் அழியவில்லை. நீங்கள் வீரரும் இல்லை. ஒரு உப்புக் கடையின் கணக்கப்பிள்ளை. மலைக்கு அந்தப் பக்கம் பிரசவத்துக்குப் போயிருக்கிற அக்காவிடம் மருந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வழியை அடைத்துக்கொண்டு ஒரு பூதம். அதை வெட்ட முடியாது. கத்தி எடுத்தால் சிரிக்கும். அது தன் வரலாற்றைச் சொல்லும், நீங்கள் கேட்க வேண்டும். இந்தக் குகையை ஒத்தை ஆளாக எப்படிக் குடைந்தது, முதல் பாறையை எந்தத் தோளில் சுமந்தது, அந்தக் காலத்தில் பூதங்களுக்கு இருந்த ஒழுக்கம் இப்போது எங்கே போனது. நடுவில் "அப்படியா!" போட வேண்டிய இடத்தில் போட வேண்டும். கவனம் சிதறினால் பூதம், "எங்க விட்டேன்? சரி, முதல்லேர்ந்து சொல்றேன்" என்று பிறந்த கதையிலிருந்து ஆரம்பிக்கும்.

கைவேலை என்பது தெரியத்தான் செய்தது. ஒரு ஆடு பாதி உடம்போடு சுவருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அவளால் எடுக்க முடியவில்லை. அதனால் ஆட்டுக்கும் பேச்சு எழுதிவிட்டாள். பக்கத்தில் போனால், "என்னைப் பாத்துப் பரிதாபப்படாதே, இந்த ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான்" என்று சொல்லும்.

டயர் கடைக்காரர் பழைய பாக்கி ஒன்றைக் கொடுக்க வந்தவர், மூலையில் எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். கடை திறக்கிற நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. "அண்ணே, இந்தப் பூதத்தை எனக்கு நல்லாத் தெரியும்" என்று மட்டும் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் நாலு பேரைக் கூட்டி வந்தார். அவர்களும் பூதத்தையும் மூணாங்கிளாஸையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் பூதம் பேசிக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

மருமகள் கல்லாவுக்கு வந்து நின்றாள். "மாமா, மணிக்கு வர்றதுல கால் பங்கு எனக்கு."

"என்னம்மா, குடும்பத்துக்குள்ள கணக்கா?"

"எங்க அப்பாகிட்ட வாங்கினதும் குடும்பத்துக்குள்ளதான். அதுக்கு மட்டும் கணக்கு இருக்கே?"

கால் பங்கு போயிற்று. மீதி முக்காலே, கம்பெனிக் கதை ஓடிய நல்ல நாளின் வசூலைப் போல இரண்டு மடங்கு.

ஊரே ஆடுகிற ஆட்டத்தைத் தானும் ஆடிப் பார்த்தார் மூணாங்கிளாஸ். பூதம் வாயைத் திறந்ததும் அவருக்குப் பொறி தட்டியது. பூதத்தின் முகத்தில் மூக்குக்கண்ணாடி! பெருமை அடிக்கிற வாய், அடுத்தவனைப் பேச விடாத குணம். சந்தேகமே இல்லை, சம்பந்திதான். பெற்ற அப்பாவையே இப்படி வைத்து வாங்கியிருக்கிறாளே என்று மருமகள் மேல் அவருக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. "அப்படியே உரிச்சு வச்சிருக்கா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். தன் நகைச்சுவை இவ்வளவு எடுபடுகிறதே என்று அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

வருஷம் திரும்பச் சில நாட்களே இருக்கும்போது நாற்பதாயிரம் சேர்ந்தது. சந்தோஷம் தாங்காமல் சம்பந்திக்குப் போன் போட்டார். அங்கேதான் வாய் மறுபடி சறுக்கியது.

"சம்பந்தி, உங்க பொண்ணு கதை கட்டறதுல கெட்டிக்காரி. நம்ம குடும்பத்தைப் பத்தி இந்தத் தெருவே இன்னைக்குப் பேசுதுன்னா அவ கட்டின கதைதான் காரணம். நேர்ல வாங்க, எல்லாத்தையும் தீர்த்துக்கலாம்."

புகுந்த வீட்டைப் பற்றி மகள் இல்லாததும் பொல்லாததும் பேசித் திரிகிறாள் என்றுதான் சம்பந்தி புரிந்துகொண்டார். அடுத்த பஸ்ஸில் ஏறி, வேர்க்க விறுவிறுக்க ஹாலுக்குள் நுழைந்தார்.

"எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல! அவ வாயைத் தெறந்தே நான் பாத்ததில்ல. என்ன கதை கட்டிட்டா? யாரைப் பத்திக் கட்டிட்டா?"

"அதோ, பன்னெண்டாவதுல இருக்கு. நீங்களே உக்காந்து பாருங்க" என்றார் மூணாங்கிளாஸ், உள்ளுக்குள் குதியாட்டம் போட்டபடி. தன்னையே பூதமாகப் பார்த்து மனிதர் சுருங்கிப்போகப் போகிறார். அந்த நேரம் பார்த்து நாற்பதாயிரத்தை நீட்டி, "நான் மூணாங்கிளாஸ்தான், ஆனா சொன்ன சொல் மாறாதவன்" என்று ஆரம்பிக்க வேண்டும். மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு.

சம்பந்தி உட்கார்ந்தார். பூதம் பேசியது. சம்பந்தியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தால், சிரிப்பு. கண்ணில் நீர் வருகிற சிரிப்பு.

"அடடா! குகையை ஒத்த ஆளாக் குடைஞ்சதாம்! சைக்கிள் கடைக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! உங்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்திட்டாளே, சம்பந்தி!"

"என்னையா? கண்ணாடி யாரு போட்டிருக்கா, பாருங்க!"

"கண்ணாடியை விடுங்க. பேச்சு யாரோடது?"

ஹால் முழுவதும் மௌஸை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. டயர் கடைக்காரர் கூரையைப் பார்த்தார். மூணாங்கிளாஸின் காது மடல் சூடேறியது. இத்தனை நாளும் சிரித்த சிரிப்பெல்லாம் ஒன்றொன்றாகத் திரும்பி வந்து முகத்தில் அடித்தது. அப்போதுதான் வேலையிலிருந்து உள்ளே வந்த மருமகளை இருவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்: "யாரும்மா அது?"

அவள் பையை மாட்டியபடியே, "கருவியில பூதத்துக்கு இருந்ததே ஒரே ஒரு உடம்புதான், மாமா. ரெண்டு பேரையும் அதுக்குள்ளயே அடக்க வேண்டியதாப் போச்சு, அப்பா" என்றாள். ஒரு சொல்லை மாமாவுக்கும் ஒரு சொல்லை அப்பாவுக்கும் சரிசமமாகப் பங்குவைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

மூணாங்கிளாஸ் சட்டையின் உள்பையில் கைவிட்டார். பேச்சு மறந்துபோயிருந்தது. பணம் மட்டும் இருந்தது.

"இந்தாங்க, உங்க நாற்பதாயிரம். உங்க தம்பியை வேற இடம் பாக்கச் சொல்லுங்க."

சம்பந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டினார். வலது கை மௌஸில். "கொஞ்சம் இருங்க, முக்கால்வாசி கேட்டுட்டேன். இப்ப விட்டா முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும்."

"வருஷம் பூரா உழைச்ச காசு. சோத்துக்கையை நீட்டுங்க."

"அட, அவசரமா?"

"அவசரந்தான்."

சம்பந்தி பெருமூச்சு விட்டார். மௌஸை விட்டுவிட்டு, நாற்காலியைத் திருப்பி, வலது கையை விரித்து நீட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் பூதம் தொண்டையைச் செருமிக்கொண்டு பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தது. மூணாங்கிளாஸ் விரலை எச்சிலில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, எவ்வளவு நிதானமாக முடியுமோ அவ்வளவு நிதானமாக, கடைசி நோட்டு வரைக்கும் அந்தக் கையில் எண்ணி வைத்தார்.