பித்தப்பை எடுத்த பதினாறாம் நாள், வேடியப்பன் கோயில் படிக்கட்டில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஜவ்வாது மலையில் பார்க்க வேண்டிய இடங்கள் பற்றிய பதிவு இல்லை. அருவி, படகு, தேன் பாட்டில் எல்லாம் போன வருஷம் எழுதியதில் இருக்கிறது, தேடிப் படித்துக்கொள்ளுங்கள். வயிற்றில் நாலு ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்துப் பதினாறே நாளான ஒருத்தி, அதாவது நான், கண்ணமங்கலத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போய், அங்கிருந்து ஜீப்பில் பதினோரு கிலோமீட்டர் குலுங்கி, ஒரு கோயில் படிக்கட்டின் அடியில் போய் நின்ற கதை இது. கோபமாகத்தான் எழுதுகிறேன். "கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் எழுது" என்றார் வீட்டுக்காரர். கொஞ்ச நாள் போனால் எனக்கே பாவம் பார்க்கத் தோன்றிவிடும், அதனால்தான் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றி இங்கே எழுதுவேன்.

வலி ஒரு கல்யாணப் பந்தியில், பிரியாணி சாப்பிட்டு எழுந்த பத்தாவது நிமிஷம் ஆரம்பித்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை இழுத்தது. "வாயு" என்றார்கள். ஓமத் தண்ணீர், சோடா, பெருங்காயம் என்று ஒரு வருஷத்தை வீணடித்தேன். ஸ்கேனில் பித்தப்பைக்குள் மூன்று கல் என்று வந்ததும் தெருவே வைத்தியரானது. பதினொரு நாள் வாழைத்தண்டு சாறு குடித்தேன். டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அம்மா, நீங்க குடிச்சது கிட்னி பக்கம் போகும். இந்தக் கல்லு அந்த வழியிலேயே இல்லை" என்றார். சாறு பிழிந்து கொடுத்தவர்கள் யாரும் இன்றுவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களுக்காக, எனக்கு நடந்ததை எழுதுகிறேன். வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, மயக்க மருந்து டாக்டரிடம் ஒரு பேச்சு. தினமும் போடும் மாத்திரைகளை எல்லாம் மறக்காமல் அவரிடம் காட்டுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின மூன்று வாரம் எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். முந்தின இரவோடு சாப்பாடு நிறுத்தம், காலையில் தண்ணீரும் இல்லை. நகச்சாயம் அழிக்க வேண்டும். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. "தாலி, மெட்டி எல்லாம் கழட்டிடுங்கம்மா" என்றார் நர்ஸ். கழற்றினேன். வீட்டுக்காரரின் சட்டைப் பையில் போட்டேன். வேண்டுமென்றால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அப்போது இருந்த பயத்தில் கயிறாவது ஒன்றாவது என்று படுத்துவிட்டேன்.

இதை வாசலில் நின்று பார்த்தது அண்ணி. வீட்டுக்காரரின் அக்கா, சந்தவாசலில் இருப்பவர், அறுபத்திரண்டு வயது. என்னைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனதும், அதே வராந்தாவில் நின்று மலைச்சாமி வேடியப்பனுக்கு வேண்டிக்கொண்டாராம். நல்லபடியாக முடிந்தால் பதினாறாம் நாள் நான் மலைக்கு வருவேன். பொங்கல் பானையைத் தலையில் வைத்துப் படி ஏறுவேன். கிடா வெட்டி முதல் சோறு சாப்பிடுவேன். எல்லாம் நான். மயக்கத்தில் கிடந்தவளின் தலையில், அவளைக் கேட்காமலே, ஏழு கிலோ பித்தளைப் பானை.

டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்ததையும் படியுங்கள்: ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கொழுப்புச் சாப்பாடு கூடாது, குலுங்கும் பயணம் கூடாது. சீட்டைப் பார்த்துக்கொண்டே வேண்டியது போல இருக்கிறது.

பிறகு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அண்ணி பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். எனக்குக் குழைந்த சாதமும் எண்ணெய் இல்லாத ரசமும் வைத்தார். ஆபரேஷனுக்காக வயிற்றில் அடைத்த காற்று மூன்றாம் நாள் தோளுக்கு ஏறி உயிரை எடுத்தபோது வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். என் உள்பாவாடையைத் துவைத்துப் போட்டார். வேண்டுதல் முடிகிற வரைக்கும் ஒருவேளைச் சாப்பாடுதான் என்று பட்டினியும் கிடந்தார். அப்படிப்பட்டவரிடம் எந்த வாயால் முடியாது என்பது? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு நாள்தானே, கார்லதானே போறோம்" என்றார். எல்லாத் துன்பத்துக்கும் அவரிடம் இந்த ஒரே மருந்துதான்.

பதினாறாம் நாள் காலை 6.10க்குப் புறப்பட்டோம். வாடகைக் கார், 3,800 ரூபாய். போளூரில் 7.05க்கு இட்லி, நான் இரண்டு, சட்னி இல்லாமல். போளூரிலிருந்து மலைப் பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் சீட் பெல்ட் நேராகத் தொப்புள் தையல் மேல் அழுத்தியது. ஒரு துண்டை நாலாக மடித்து இடையில் வைத்தபிறகு தாங்கியது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜமுனாமரத்தூர் போனபோது மணி 8.50, கார் மீட்டரில் எழுபத்திரண்டு கிலோமீட்டர். வாரச்சந்தை நாள் இல்லை, கடைத்தெரு காலியாக இருந்தது.

அங்கிருந்து கோயில் ஊருக்குக் கார் போகாது. ஷேர் ஜீப்பில் ஆளுக்கு நாற்பது ரூபாய், தனியாக எடுத்தால் போகவர 1,400. தனியாக எடுத்தோம். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். போன தடவை ஒரு ஓடையின் பெயரை எழுதி, அடுத்த மாதமே அங்கே பீர் பாட்டில் உடைந்து கிடந்ததைப் பார்த்தவள் நான்.

ஜீப் டிரைவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், அந்த ஊர்க்காரர். நான் ஏறிய விதத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

"ஆபரேஷனுங்களா? எத்தினி நாளாச்சு?"

"பதினாறு."

"யம்மா! கீழ ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள ஏத்தினு போவேன், தையலு போட்டு வூட்டுக்கு வர்றவங்கள ஏத்தினு வருவேன். கீழ வூடு வாசல வச்சிக்கினு, சும்மா இருக்க முடியாம மேல வர்ற மொத ஆளு நீங்கதாங்க. இன்னா அவசரம்?"

"அவங்களக் கேளுங்க" என்று அண்ணியைக் காட்டினேன். அண்ணி வெளியே மரத்தைப் பார்த்தார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தலையணையை எடுத்துக் கொடுத்தார். உறை துவைத்துச் சுத்தமாக இருந்தது. "இத வயித்துல வச்சி ரெண்டு கையாலயும் அமுக்கிக்கோங்க. பள்ளம் வர்றப்ப கத்துறேன், அப்ப மூச்ச வுட்ருங்க. ஆஸ்பத்திரி கேஸு ஏத்துறதுக்குன்னே வச்சிருக்கேன்."

பதினோரு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிஷம். "பள்ளம்!" "பள்ளம்!" என்று அந்த மனிதர் கத்திக்கொண்டே வந்தார், நான் மூச்சை விட்டுக்கொண்டே வந்தேன். நூறு ரூபாய்க்குக்கூட ரசீது போட்டுத் தரும் ஆஸ்பத்திரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. பிரசவ வலியோடும் பாம்புக்கடியோடும் இந்தப் பாதையில் இறங்குகிறவர்களுக்காக ஒருவர் தன் காசில் தலையணை வாங்கி வைத்திருக்கிறார், ரோடு போட வேண்டியவர்களுக்கு அந்த யோசனைகூட வரவில்லை. பாதி வழியில் என் கோபம் அண்ணியை விட்டு அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் ரொம்ப நேரம் அங்கே நிற்கவில்லை.

இறங்கியதும் தொப்புள் பக்கம் ஈரமாக இருந்தது. ஜீப்புக்குப் பின்னால் போய்ப் புடவையை விலக்கிப் பார்த்தேன். பிளாஸ்திரியில் ஐந்து ரூபாய்க் காசளவு மஞ்சளாக நனைந்திருந்தது. உள்ளே பிரிந்துவிட்டதா, சீழா, ஒன்றும் தெரியவில்லை. இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம்.

வீட்டுக்காரர் தூரத்திலிருந்தே, "வேர்வையா இருக்கும்" என்றார். அண்ணி, "சாமி காரியத்துக்கு வந்திருக்க, ஒன்னும் ஆவாது. வா, பானையத் தூக்கு" என்றார்.

அரிசி, வெல்லம், பருப்பு, தண்ணீர் எல்லாம் போட்ட பானை தயாராக இருந்தது. எதிரே நூற்றுப் பன்னிரண்டு படி, ஒன்றுக்கொன்று உயரம் ஒட்டாத கல்லுப் படி.

"தூக்க மாட்டேன் அண்ணி."

"வேண்டினத வேண்டினபடி செய்யலன்னா தெய்வகுத்தம் ஆவும்டி."

"என் வயிறு கிழிஞ்சா அது யார் குத்தம்?"

இப்படி நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோதுதான் பூசாரி மேலேயிருந்து இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துண்டு. சண்டையைக் கேட்டாரா தெரியாது, கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தன் வேலையைத் தொடங்கினார்.

"யாரு பேருல வேண்டினது?"

அண்ணி முந்தானையைச் சரிசெய்தார்.

"பேரச் சொல்லித்தாம்மா சாமியக் கூப்புடணும். யாரு நல்லாருக்கணும்னு வேண்டினீங்க?"

"என் தம்பி" என்றார் அண்ணி.

பூசாரி என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த தலையணையைப் பார்த்தார். "ஆபரேஷன் இந்தம்மாவுக்குத்தான?"

"ஆபரேஷன் இவளுக்குத்தான். தாலியக் கழட்டி அவன் பாக்கெட்டுல போட்டுட்டு, ஒரு கயிறுகூடக் கட்டாம படுத்துக்கினு போயிட்டா. என் தம்பி உசுருக்கு ஒன்னும் வரக்கூடாதுன்னு வேண்டினேன். தப்பு பண்ணது இவ, அதான் இவளே தூக்கட்டும்னு."

பதினாறு நாள். அண்ணி எனக்காகப் பட்டினி கிடக்கிறார் என்று பதினாறு நாள் நான் கூசிப் போயிருந்தேன். அந்த ரசத்தைக் குடிக்கும்போதெல்லாம் கண் கலங்கியிருக்கிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு வைத்தது வேண்டுதல் இல்லை, அபராதம்!

வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

அவர் செருப்பைப் பார்த்தார். "தெரியும். சொன்னா நீ வரமாட்டேன்னுதான்..."

பூசாரிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. துண்டை உதறிச் சும்மாடு சுற்றி வீட்டுக்காரரிடம் நீட்டினார். "அப்ப பானை உங்களுதுங்க. யாரு பேருல வேண்டுதலோ அவங்கதான் தூக்கணும். இங்க எப்பவும் அப்பிடித்தான். ஆள மாத்தித் தூக்கினா நான் பொங்க வுட மாட்டேன்."

அண்ணி ஏதோ சொல்ல வந்தார். பூசாரி அதற்குள் இரண்டு படி ஏறிவிட்டார்.

ஐம்பத்தாறு வயது, தொந்தி, தரையில் உட்கார்ந்தால் எழக் கை கேட்கிற மனிதர் என் வீட்டுக்காரர். பானை தலைக்கு ஏறியது. நாற்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். வெல்லத் தண்ணீர் சட்டையில் வழிந்தது. பின்னாலேயே அண்ணி, "பாத்துடா, மெதுவாடா, முதுகு புடிச்சிக்கப் போவுது, ரெண்டு நிமிசம் நின்னு போடா" என்று பதறிக்கொண்டே ஏறினார். முதுகு பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். நான் ஜீப்பில் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு படியையும் எண்ணினேன். டிரைவர் சிரிப்பை அடக்க பானெட்டைத் திறந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

கிடா வெட்டி, முதல் சோறு அவருக்கே. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எனக்குப் பூசாரி வீட்டிலிருந்து சாமைச் சோறும் மிளகு ரசமும் வந்தது, அந்த வீட்டம்மா எண்ணெய் விடாமல் வைத்துக் கொடுத்தார். கேட்காமலே.

இறங்கும்போது காரில் வாயை அடக்க முடியவில்லை. "எனக்குன்னு ஒன்னும் வேண்டிக்கலையா அண்ணி?"

அண்ணி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "உனக்கு இன்னாடி? உனக்குத்தான் உள்ள அத்தினி டாக்டருங்க இருந்தாங்களே."

நேராக வேலூர் போகச் சொன்னேன். மாலை 5.20க்கு டாக்டர் பார்த்தார். உள்தையல் நன்றாக இருக்கிறது, மேல்தோல்தான் உராய்ந்து நீர் கசிந்திருக்கிறது. ஐந்து நாள் மாத்திரை, பாரம் தூக்காத ஆறு வாரம் எட்டு வாரமானது. "படிச்சவங்கதானே நீங்க?" என்று என்னைத் திட்டினார். திட்டு வாங்க வேண்டிய இரண்டு பேரும் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி, போகத் திட்டமிடுகிறவர்களுக்கு. பித்தப்பை எடுத்தவர்கள், உங்கள் டாக்டர் சரி என்று சொல்லும்வரை மலைப்பாதையில் போகாதீர்கள், சாமி எங்கும் ஓடிப்போகாது. போயே தீர வேண்டுமென்றால் ஒரு தலையணை, ஒரு துண்டு, மாற்றுப் பிளாஸ்திரி, டிஸ்சார்ஜ் சீட்டு. நடப்பது நல்லது, தினமும் தெருவில் நடங்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல் பக்கவாட்டில் திரும்பி எழுங்கள். நனைந்தால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால் யார் சொல்வதையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆபரேஷன் அன்று வராந்தாவில் நிற்கப்போகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: என்ன வேண்டப்போகிறீர்கள், யார் பேரில், தூக்கப்போவது யார்?

நான் ஒரு விஷயத்தை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மயக்க மருந்து ஏறும்போது, "ஒன்னிலேர்ந்து எண்ணுங்கம்மா" என்றார்கள். ஒன்று, இரண்டு வரை எண்ணினேன். மூன்றுக்கு முன்னால் என் மனசில் வந்தது என் உயிர் இல்லை. காலையில் அவசரத்தில் வீட்டுக்காரர் தன் பிரஷர் மாத்திரை போட்டாரா என்பதுதான். அண்ணியை மன்னித்துவிடுவேன், இரண்டு மாதம் ஆகும். அங்கே படுத்துக்கொண்டு அதை நினைத்தவள்மேல்தான் கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது.