துரை பங்களாவின் புகைபோக்கி

சாந்தன்பாறையில் விடுதியாகிவிட்ட பழைய எஸ்டேட் துரை பங்களாவுக்கு நண்பர்கள் கூட்டமாகச் சுற்றுலா போயிருந்தோம். கணப்பில் எரிந்த யூக்கலிப்டஸ் விறகின் வாசனை என்னை ஏழு வயதுக்கு இழுத்துப்போனது.

அப்போது வெள்ளைக்காரத் துரை கட்டிய புகைபோக்கி, புகையை வீட்டுக்குள்ளேயே தள்ளும். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்த கொத்தனார் அப்பாதான் அதைப் பிரித்துச் சரியாகக் கட்டினார். முடித்ததும் எஸ்டேட் மேனேஜரிடம் கேட்டார்:

"எங்க லயத்து வீட்டுக்கும் ஒண்ணு கட்டிக்கிறேங்கய்யா. அடுப்பூதி இவங்கம்மாவுக்குக் கண்ணே மங்கிப்போச்சு."

"லயத்துக்கு எதுக்குடா? புகை இருந்தாத்தான் உங்களுக்குக் குளிராது."

நான் மேனேஜர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு நின்றேன். பெரிய புரட்சிக்காரன்!

"துரை கட்டினது சாரே, ஒரு பொட்டுப் புகை உள்ள வராது" என்றார் இப்போது அதே புகைபோக்கியைக் காட்டிய விடுதி வழிகாட்டி.

"எங்கப்பா கட்டினதுய்யா!" என்று கத்தினேன்.

காலையிலிருந்து என் எந்த ஜோக்குக்கும் அசையாத கூட்டம், அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தது.