சைலன்சர் வீட்டுக் கைப்பிடி

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது அவர் மனைவிதான். பழைய வண்டிகளுக்குப் புகைக்குழாய் பொருத்துவது தொழில்; ஆள் வாயைத் திறப்பது அபூர்வம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராகப் போகட்டும் என்று கல்யாணமான புதிதில் ‘சைலன்சர்’ என்று கூப்பிட்டிருக்கிறாள். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. இப்போது பட்டறைப் பலகையிலும் அதுதான் எழுதியிருக்கிறது.

நான் அந்த வீட்டுக்கு நர்ஸாகப் போனது அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே தகடு வைத்து அனுப்பியிருந்தார்கள். காலையில் போய் மாலையில் திரும்புவேன். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். கட்டிலில் படுத்தபடியே பார்த்தால் அந்தக் கதவு வழியாக அவருடைய கால்கள் தெரியும். மீதி உடம்பு ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் இருக்கும்.

“கல்யாணம் ஆனதுலருந்து இவரோட காலத்தான் அதிகமா பாத்திருக்கேன் அக்கா. மூஞ்சி எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு” என்பாள், அவருக்குக் கேட்கும்படியாக.

பதில் வராது. ஸ்பேனர் சத்தம் மட்டும் கொஞ்சம் நின்று, பிறகு தொடரும். அதுதான் அவர் சிரிப்பு என்பது எனக்குப் பிடிபடச் சில நாள் ஆயிற்று.

ஆரம்பத்தில் ஜன்னல் கம்பி அடித்துக்கொண்டிருந்தவர். பிறகு ஒரு பஸ் பட்டறையில் சேர்ந்து வெல்டிங்கில் கை தேறி, அங்கே ஒருநாள் யாரோ கொண்டுவந்து நிறுத்திய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் படுத்திருக்கிறார். எழுந்தவர் வேறு எந்த வண்டியையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிடிவாதங்கள் உண்டு. இடம் போதவில்லை என்று குழாயைச் சுத்தியலால் தட்டிப் பள்ளமாக்க மாட்டார். அது அவருக்குக் கேவலம். எட்டாத நட்டுக்காக நல்ல ஸ்பேனரைப் பாதியாக அறுத்துவிடுவார். அவர் சுவரில் மாட்டியிருந்தவற்றில் பாதி, வால் அறுந்த ஸ்பேனர்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். வேறு ஊரில், மாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே போனில் என்னிடம் தெளிவாகப் பேசினாள்.

“சிஸ்டர், நான் மறைச்சு பேசல. அம்மாவால யார் துணையும் இல்லாம பாத்ரூம் போயிட்டு வர முடிஞ்சா அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க சாயங்காலம் கிளம்பிடறீங்க. அப்பா வண்டிக்கடியில இருந்தா அம்மா கத்தினாகூட அவருக்குக் கேக்காது.”

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அம்மாக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. “அங்க போய் நான் என்ன பண்றது? லிஃப்டு ஏறி இறங்கறத வேடிக்கை பாக்கறதா? இங்கேயாவது ரெண்டு காலு தெரியுது” என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று மருந்துக்குக்கூட வாயைத் திறக்க மறுத்தாள்.

மறுநாள் சைலன்சர் ஒரு சாக்பீஸோடு வந்தார். அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் நடை மிகவும் குறுகல், அவள் பிடித்து நடக்கும் நாலு கால் வாக்கர் நுழையாது. அதனால் வாக்கரை நடை வாசலில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துத்தான் போகவேண்டும். “இவள நிக்க வைங்க சிஸ்டர்” என்றார். நான் தாங்கிப் பிடித்தேன். அவள் கை சுவரில் பட்ட இடத்தில் கோடு போட்டார். சாயங்காலத்துக்குள் அந்த உயரத்தில் ஒரு கைப்பிடி வந்துவிட்டது. ஒரே குழாய். திருப்பத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. வெல்டிங் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருந்தது. எத்தனையோ வீடுகளில், ஆஸ்பத்திரிகளில் கைப்பிடி பார்த்திருக்கிறேன். அவ்வளவு அழகாக எங்கும் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் பட்டறையில் நின்றது ஒரு பல் டாக்டரின் வண்டி. சிவப்பு நிறம், இரண்டே பேர் உட்காரலாம், டாக்டரைவிட வயதில் மூத்தது. எஞ்சினிலிருந்து புகையை வாங்கி வெளியே அனுப்பும் வார்ப்பு இரும்பு முகப்பு வெடித்துவிட்டது. அசல் சாமான் எங்கும் கிடைக்காது. அதனால் வேறு கம்பெனிக்காரர்கள் செய்யும் குழாய்க் கொத்து ஒன்றை டாக்டர் வாங்கிவந்திருந்தார். ஹெடர் என்கிறார்கள். எஞ்சினிலிருந்து நான்கு குழாய்கள் வளைந்து வளைந்து இறங்கி, கீழே ஒன்றாகச் சேரும். பெட்டியைப் பிரித்தபோது நாதஸ்வரக் கச்சேரிக்கு வந்த புது வாத்தியம் போலப் பளபளத்தது.

ஆனால் சேரவில்லை. மூன்றாவது குழாய் ஸ்டீயரிங் ராடில் இடித்தது. அடியில் நான்கும் சேரும் இடம் வண்டியின் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரு நட்டின் மேலேயே குழாய் வளைந்து போனதால் எந்த ஸ்பேனரும் அதை எட்டவில்லை. அதற்காக இன்னொரு ஸ்பேனரின் வாலும் போயிற்று. விற்ற கடைக்காரரைச் சைலன்சர் போனில் பிடித்தார். அதுவரை அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

“வண்டியப் பாத்து செஞ்சானா, இல்ல வண்டி படத்தப் பாத்து செஞ்சானா? திருப்பி எடுத்துக்கங்க.”

வேறொன்று அனுப்பினார்கள். அதுவும் அச்சாக அதே இடத்தில் இடித்தது. சைலன்சருக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாவது குழாயை வெட்டி, சற்றே தள்ளித் திருப்பி, மறுபடி ஒட்டினார். ஒட்டு தெரியவே இல்லை. ஆனால் எஞ்சினை ஓடவிட்டதும் அது குலுங்கி, குழாய் ராடில் டங் டங்கென்று அடித்தது.

“பல்லு புடுங்கறவர் வண்டிக்கு இவரு பல்லு கட்டறாரு, அதான் ஒட்டல” என்றாள் மனைவி கட்டிலிலிருந்து.

இதற்கிடையே அவள் தேறிக்கொண்டுதான் வந்தாள். வாக்கரோடு அறையில் நடக்கும்போது முதுகு நிமிர்ந்தது. அதற்கேற்ப வாக்கரின் கால்களை நானே அவ்வப்போது ஒரு துளை உயர்த்தி வைத்தேன். ஆனால் நடைக்குள் போய்க் கைப்பிடியைப் பிடித்ததும் பழையபடி கூனிக்கொள்வாள். உடம்பு ஒருபக்கம் சரியும். ஆபரேஷன் செய்த காலை இழுத்து இழுத்து வைப்பாள்.

“நிமிரும்மா.”

“நிமிர்ந்துதான் அக்கா இருக்கேன்.”

“இது நிமிர்றதா? தரையில எதையோ தொலைச்சவ மாதிரி போற.”

“உங்க கண்ணுக்கு நான் எப்ப நேரா தெரிஞ்சேன்?”

சோம்பல் என்று நினைத்தேன். என் தொழிலில் அப்படி நினைப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்த வாரம் நடையில் காலை இழுத்து வைக்கும்போது தடுக்கி, கைப்பிடியோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னாலேயே இருந்ததால் மெதுவாகத்தான் இறங்கினாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் நடந்ததை மகளிடம் சொல்லவேண்டியது என் கடமை. சொன்னேன்.

“இதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஞாயித்துக்கிழமை வர்றேன். அம்மா துணியெல்லாம் எடுத்து வைங்க” என்றாள்.

அன்று மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு வழியாகப் பார்த்தபோது சைலன்சர் வண்டிக்கு அடியில் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் ஒன்றும் இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் சாப்பிடக் கூப்பிடப் பட்டறைக்குப் போனேன். பல் டாக்டர் வந்திருந்தார். எட்டாத அந்த நட்டுக்காக, எஞ்சினின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தார் சைலன்சர். தூக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், குழாய் ராடை விட்டு விலகியிருப்பதைக் கண்டு டாக்டரைக் கிட்டே கூப்பிட்டார்.

“டாக்டர், வாய்க்குள்ள விடற விரல்தானே? இங்க விடுங்க. பைப்புக்கும் ராடுக்கும் நடுவுல. போகுதா?”

டாக்டர் விட்டார். “போகுதே.”

“முன்னாடி காகிதம்கூட போகாது. இருங்க.” ஜாக்கியை இறக்கினார். “இப்ப?”

“ஐயோ, விரலு! விரலு! அத வெச்சுத்தான்யா நான் சாப்பிடறேன்!”

விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, நானே பார்த்தேன். சைலன்சர் அதைக் கவனிக்கவில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டையை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழியவில்லை, வெடிக்கவில்லை, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷச் சூட்டில், புகை போகும் பக்கத்து ரப்பர் நசுங்கித் தட்டையாகிவிட்டது. எஞ்சின் அந்தப் பக்கம் சரிந்து இறங்கியிருக்கிறது.

“பைப்பு மேல தப்பே இல்ல. அவன் நேரா நிக்கற எஞ்சினுக்கு செஞ்சிருக்கான். நான் உக்காந்த எஞ்சினுக்கு அளவெடுத்து, அவன் செஞ்சத வெட்டி வேற வெச்சிருக்கேன்.”

“அப்ப ரப்பர மாத்தினா சரியாயிடுமா?” என்றார் டாக்டர், விரலை ஊதிக்கொண்டே.

“ரப்பர மாத்தணும். நான் வெட்டுனத திருப்பி வெட்டணும்.”

நான் சாப்பாடு ஆறுகிறது என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், கதவு வழியாக, நடைச் சுவரைப் பார்த்தார்.

“சிஸ்டர், நான் சாக்பீஸ் போட்ட அன்னிக்கு அவ நேராவா நின்னா?”

“எங்க நேரா நின்னா? ஆபரேஷன் ஆன புதுசு. கூனிக்கிட்டு என் மேல சாஞ்சுல்ல நின்னா.”

சொல்லி முடிக்கும்போதே எனக்கும் விளங்கிவிட்டது. வாக்கரை உயர்த்திக்கொண்டே வந்த நான், அவள் கூனி நின்ற அளவில் மாட்டிய கைப்பிடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு அழகாகச் செய்த பொருளில் தப்பிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

கையைத் துடைத்துக்கொண்டு, டிரில்லும் ஸ்பேனருமாக உள்ளே வந்தார். கைப்பிடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். கட்டிலில் இருந்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஏங்க, அத ஏன் புடுங்கறீங்க? ஞாயித்துக்கிழமைகூட ஆகல, அதுக்குள்ள எனக்கு வழியனுப்பு விழாவா?”

“எந்திரி.”

“எதுக்கு?”

“எந்திரிச்சு நேரா நில்லு. சிஸ்டர் மேல சாயாத.”

வாக்கரைப் பிடித்து வந்து நின்றாள். நான் அவள் தோளையும் இடுப்பையும் சரிசெய்து, கையைத் தொங்கவிடச் சொன்னேன். மணிக்கட்டு இருந்த இடத்தில் அவர் கோடு போட்டார். பழைய துளைகளுக்கு மேலே நல்ல இடைவெளி இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். “இந்த வயசுல இவ்வளவு வளந்துட்டேனா நான்?”

“நீ வளரல. நான்தான் தப்பா அளந்துட்டேன்” என்றார் சைலன்சர்.

அவள் வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்றே புது உயரத்தில் மாட்டிவிட்டார். முதல் தடவை பிடித்தபோது அவளுக்குப் பயம். கை மேலே இருக்கிறதே, விழுந்துவிடுவேன் என்றாள். போகப் போக முதுகு தானாக நிமிர்ந்தது. கால் இழுப்பதும் குறைந்தது. சனிக்கிழமை நான் நடை வாசலிலேயே நின்றுகொண்டேன். அவள் தனியாகப் போய்வந்தாள். துணிகளை நான் எடுத்து வைக்கவில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காலிப் பெட்டி ஒன்றோடு வந்துவிட்டாள். அம்மா நடந்து காட்டினாள். மகள் அசையவில்லை.

“நான் பாக்கறேன்னு நடக்கறே. நான் போனதும் யாருக்குத் தெரியும்?”

“அது சரியான கேள்விதான்” என்றேன். “பாக்காதே. இன்னிக்கு பூரா இங்க இரு, ஆனா பாக்காதே. நானும் பாக்க மாட்டேன்.”

மகள் சந்தேகத்தோடு கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு, பயணக் களைப்பில் தலை சாய்ந்துவிட்டது. நான் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று, “அம்மா! அம்மா எங்க?” என்று அலறல். ஓடி வந்தேன். கட்டில் காலி. வாக்கர் நடை வாசலில் நின்றது. மகள் குளியலறைக் கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஏண்டி கதவ ஒடைக்கறே? ஒரு மனுஷி நிம்மதியா உக்காரக்கூட விட மாட்டியா?”

பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது.

சாயங்காலம் மகள் கொண்டுவந்த காலிப் பெட்டியோடே ஊருக்குத் திரும்பினாள். புறப்படும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை.

ரப்பர் மாற்றியதும் சிவப்பு வண்டி எங்கும் இடிக்காமல் ஓடியது. கடைக்காரருக்குப் போன் போட்டு, “உங்க பைப்பு சரி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார் சைலன்சர்.

நான் அங்கே இன்னும் சில வாரம் இருந்தேன். பிறகு அவளுக்கு ஒரு கைத்தடியே போதுமானதாக இருந்தது. வேறு வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். விடைபெற்று வரும்போது வாக்கரைத் தேடினேன், கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று. அது பட்டறையில் இருந்தது. கால்கள் நான்கும் ஒரே அளவில் இறக்கப்பட்டு, அதன் மேல் அடுத்த வண்டிக்கான ஹெடர், பூசிய பெயிண்ட் காய்வதற்காக உட்கார்ந்திருந்தது.