மூன்று டாக்டர்கள், ஒரு வயிறு

போன வியாழக்கிழமை காலை என் தங்கை கோமதியின் வயிற்றில் ஒருவர் உதைத்தார்!

ஐந்தாம் மாதம். முதல் உதை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிற ஆளின் உதை. போனில் அவள் சொன்னதும் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் நான் ஒரு சுற்று சுற்றி வந்தேன். கணக்கு டீச்சர் முன்ஜாக்கிரதையாகத் தன் டீ கிளாஸைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

மூச்சு வாங்கிய பிறகுதான் முக்கியமான கேள்வி ஞாபகம் வந்தது.

"ஏட்டி, முதல்ல யாருக்கு போன் பண்ணுன?"

"நர்ஸம்மாவுக்கு."

"பொறவு?"

"அவுகளுக்கு... பொறவு அம்மாவுக்கு. இப்ப உனக்குப் பண்ணுதேன்லா!"

நான்காவது இடம்! எல்.கே.ஜி.யில் அவளைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்ட அக்காவுக்கு நான்காவது இடம். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். என் முட்டாள்தனங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குப் புதிதா என்ன? சொல்லிவிடுகிறேன்.

கோமதி உண்டாகியிருக்கிற செய்தி எனக்கு வந்தது பஸ்ஸில். கரிவலம்வந்தநல்லூரில் பள்ளிக்கூடம் முடிந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். உட்கார இடமில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன்.

"அக்கா... டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். ரெண்டு கோடு!"

நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். என்னமோ ஏதோ என்று எல்லோரும் திரும்பினார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான்... பஸ்ஸுக்கே சந்தோஷம் தொற்றிக்கொண்டது.

"யாருகிட்டத்தா காமிக்கப் போறீக?" என்றார் பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவரே ஒரு டாக்டரைச் சொன்னார். "அந்தம்மாவுக்கு அப்படி ஒரு கைராசி!"

ஜன்னலோரப் பெரியவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வேறொருவரைச் சொன்னார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "எம் பொண்டாட்டிக்கு ரெண்டும் ராஜபாளையத்துல வச்சுத்தான் டீச்சர். கைராசின்னா அதான் கைராசி" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என்னிடம் ஐந்து டாக்டர்கள் இருந்தார்கள்!

யோசித்துப் பாருங்கள். மிக்ஸி வாங்க வேண்டுமென்றால் நாலு கடை ஏறுகிறோம். வாரண்டி கேட்கிறோம், சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்கிறோம். பிரசவத்துக்கு டாக்டர் பார்க்கும்போது மட்டும் ஒரே கேள்வி. கைராசி உண்டா? அவசரத்துக்கு அங்கே ரத்தம் கிடைக்குமா, ராத்திரி ஆள் இருக்குமா, நாம் கேட்டால் அவர் பதில் சொல்வாரா... ம்ஹூம். யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒனக்கு ரெண்டு பேறுகாலமும் யாரு பாத்தா? இங்கன நம்ம லேடி டாக்டருதான! அவுககிட்டதான் காமிக்கணும்" என்றாள் அம்மா. கோமதி வாழ்க்கைப்பட்டிருப்பது திருவேங்கடத்தில். அவளுடைய மாமியார் போனில் வந்தார். "எம் பேரப்புள்ளைக அஞ்சும் கோவில்பட்டி டாக்டர் கையிலதான் பொறந்துச்சு. இதுக்கு மட்டும் எதுக்கு மாத்தணும்?" நியாயம்தானே! நானோ திருநெல்வேலியில் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் பிடித்துவைத்திருந்தேன். அவர் போர்டில் பெயர் ஒரு வரி, பட்டங்கள் இரண்டு வரி. ஆறு வருஷம் கழித்து வருகிற பிள்ளை... இதில் ரிஸ்க் எடுக்க முடியுமா?

கடைசியில் கோமதியின் கணவர் முருகேசன்தான் சமாதானக் கொடி பிடித்தார்.

"மைனி, மூணு பேரையுமே பாத்துருவோம். யாரு மனசும் நோவாதுல்லா?"

ஆகா! என்ன பெருந்தன்மை. எல்லோர் மனசும் குளிர்ந்தது. வயிறு யாருடையதோ அவளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று ஊர், மூன்று ஃபைல். ஒரு டாக்டரிடம் போகும்போது மற்ற இரண்டு ஃபைலும் கட்டைப்பையின் அடியில், துண்டுக்குக் கீழே இருக்கும். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? வேறு டாக்டரைப் பார்த்தோம் என்று சொன்னால் இந்த டாக்டர் கோபித்துக்கொள்வாராம். மூவருமே ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"வேற எங்கயாவது காமிச்சீங்களா?"

"இல்ல டாக்டர்" என்று மூன்று இடத்திலும் முந்திக்கொண்டு சொன்னது யார்? பிள்ளைகளுக்கு, பொய் சொல்லக் கூடாது என்று தினமும் பாடம் எடுக்கிற நான்தான். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

நான்காம் மாதம் கோமதிக்கு வாந்தி நிற்கவில்லை. வயிற்றுவலி வேறு. சோற்றைக் கண்டாலே எழுந்து ஓடினாள். எங்களுக்கு ஒரே குஷி! "மசக்கைன்னா இப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா. முருகேசன் ஒரு பை நிறைய மாங்காய் வாங்கி வந்தார். அவள் சுருண்டு படுத்திருக்கிறாள், நாங்கள் மாங்காய்க்கு உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை நான் திருவேங்கடம் போயிருந்தபோது வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. கிராம சுகாதார நர்ஸ். இருபத்தாறு வயசுகூட இருக்காது. தோளில் பை, கையில் ரிஜிஸ்டர். என்னிடம் படித்த பிள்ளை மாதிரி இருந்தார். மூன்று டாக்டர் பார்க்கிற இடத்தில் இவருக்கு என்ன வேலை என்றுதான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், "நாங்க பெரிய டாக்டர்கிட்ட காமிக்கோம்" என்று சொல்லியும் விட்டேன்.

"சரிங்க டீச்சர். போடுத மாத்திரை எல்லாத்தையும் ஒருவாட்டி எடுத்துட்டு வாங்க" என்றார்.

கோமதி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். நர்ஸம்மா அட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில் பரப்பினார். திருப்பிப் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். மூன்று அட்டைகளை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள்.

"இதுல எதைப் போடுதீங்க?"

"மூணையும். மூணு டாக்டரும் எழுதுனதுலா..."

"அக்கா, இது மூணும் ஒரே இரும்புச்சத்து மாத்திரைதான். கம்பெனிதான் வேற. ஒண்ணு போடுத இடத்துல மூணு போட்டுட்டு இருக்கீங்க."

மாமியார் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். கோமதி இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு... பிள்ளைக்கு ஏதும்...?" என்றாள். அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நர்ஸம்மா பதறவில்லை. அங்கேயே டாக்டருக்கு போன் போட்டார். அரைமணி நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தோம். டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வேற எங்கயாவது காமிச்சீங்களா?"

"மூணு இடம், டாக்டர்" என்றேன். கட்டைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். மூன்று ஃபைலும், துண்டும், ஒரு மாங்காயும் மேஜைமேல் விழுந்தன. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றையும் பொறுமையாகப் படித்தார். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தேடினார்கள். தப்பு செய்தது நான், தண்டனை அந்தப் பிஞ்சுக்கா?

டக்டக்டக்டக்...

குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்! "நல்லாருக்கு, கேளுங்க" என்றார் டாக்டரம்மா. முருகேசன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் திரும்பவெல்லாம் இல்லை, ஓவென்று அழுதேன். ரத்தப் பரிசோதனையிலும் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை ஒன்றாகக் குறைந்ததும் நான்கைந்து நாளில் வாந்தியும் வலியும் அடங்கிவிட்டன.

அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸம்மா கோமதியிடம் ஒன்று கேட்டார். இத்தனை நாளாக எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

"அக்கா, யாருகிட்ட காமிக்கணும்னு உங்களுக்கு இருக்கு?"

கோமதி எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு கடகடவென்று சொன்னாள்.

"மாசாமாசம் இங்கனயே பாத்துக்கிடுதேன். நடந்தே வந்துரலாம், சந்தேகம்னா கேக்கலாம். பேறுகாலம் அம்மா வீட்டுப் பக்கம், சங்கரன்கோவில் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில. டாக்டர் அங்க போ, இங்க போன்னு சொன்னா மட்டும் வேற இடம். ஃபைலு ஒண்ணுதான் இருக்கணும்." கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு, "அக்கா என் கூட வரட்டும். ஆனா பேசக் கூடாது" என்றாள்.

எத்தனை மாதமாக இதை மனசில் வைத்திருந்தாளோ! மாமியார் முகம் சற்றுச் சுருங்கியது. பிறகு அவரே, "ஒன் இஷ்டம்த்தா. நீ நல்லாருந்தாப் போதும்" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அம்மாவைச் சம்மதிக்கவைக்க மட்டும் இரண்டு நாள் ஆனது.

உதைத்த ஆளைப் பார்க்க, அதாவது தொட்டுப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். கையை வைத்ததும் ஒரு உதை விட்டார் பாருங்கள்! பெரியம்மாவை அடையாளம் தெரிந்திருக்கிறது.

தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் கோமதியின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வலி வந்தால் யாரையெல்லாம் கூப்பிட வேண்டும் என்கிற பட்டியல். நர்ஸம்மா, 108, டாக்டர், அவுக, அம்மா.

கடைசியில் நான்: "அக்கா — பிள்ளை பிறந்த பிறகு."