ஜன்னலோரத்துப் பாடகி

பல்லவியைத் தொடங்குமுன் அந்தப் பாடகி மெல்ல மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் எங்கள் வீட்டில் எப்போதும் ஜன்னல் பக்கமிருந்துதான் வரும். யாரோ நிஜமாகவே அங்கே வந்து நிற்கிறார்களோ என்று நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். கேசட்டில் அதே பாட்டை ஆயிரம் முறை கேட்டிருந்தும் அவருக்கு மூச்சு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. சிடியில் முதன்முதலாக அதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்துப்போனது.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் வார்ப்புகளுக்குக் கிரைண்டிங் பிடித்துத் தரும் பட்டறை வைத்திருந்த அப்பா, திருப்பூர்ச் சிநேகிதர் ஒருவரிடமிருந்து வாங்கி வந்த 'செட்டு' அது. மேலே சிடி பிளேயர், கீழே ஆம்ப்ளிஃபயர், இரண்டும் சேர்ந்து ஒரு டிபன் கேரியர் உயரம்கூட இராது. ஜன்னலோரம் வலது ஸ்பீக்கர், ஷோகேஸ் ஓரம் இடது ஸ்பீக்கர். இரண்டுக்கும் சத்தத்தைப் பங்கு பிரிக்கிற 'பேலன்ஸ்' திருகை, வாங்கி வந்த அன்றே அப்பா தம் நாற்காலியில் உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் திருகிப் பார்த்து, வலது பக்கமாக வெகுதூரம் தள்ளி நிறுத்தி, "இப்பத்தான் அந்தம்மா சரியா நிக்குது. இதை ஆரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். பாடகிகள் ஜன்னலோரம் நின்றுதான் பாடுவார்கள் என்று நானும் நம்பிக்கொண்டேன். பள்ளியில் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன்.

அப்பாவின் நாற்காலிக்கு வலப்பக்கம் சமையலறை வாசல். அங்கே நின்றுதான் அம்மா அவரிடம் பேசுவாள், அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். "செவுத்துக்கிட்ட பேசுனாக்கூட எதிரொலி வரும், இந்த மனுசங்கிட்ட அதுகூட வராது" என்பாள். இதில் வேடிக்கை, வண்டியில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும்போது மட்டும் அவள் கேட்டதற்கெல்லாம் அப்பா பதில் சொல்வார். வீதியில் நாலு பேர் பார்க்கப் பேசுகிறவர் வீட்டுக்குள் வந்தால் ஊமையாகிவிடுகிறார் என்றால், தான் அன்னூரில் விவசாயம் பார்க்கும் வீட்டுப் பெண், அதிகம் படிக்காதவள் என்ற இளக்காரந்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஒரு வருஷம் பேச்சையே நிறுத்திவிட்டாள். "உங்கப்பங்கிட்டச் சொல்லு கண்ணு" என்று என் வழியாகத்தான் எல்லாம் நடந்தது. ஆயுத பூஜை முடிந்ததும் அன்னூருக்குப் போய்விடுவதென்று பையில் துணி அடுக்கி வைத்திருந்ததும், திரும்பி வருவதாக அவள் சொல்லவில்லை என்பதும் எனக்கு மட்டும் தெரியும்.

பூஜையன்று பட்டறைக்கு அரைநாள் விடுப்பு. பட்டறையில் இயந்திரங்களுக்குச் சந்தனம் வைப்பது போல வீட்டில் செட்டுக்கும் வைக்க வேண்டுமென்று, அம்மா அதை ஈரத்துணியால் துடைத்து ஒவ்வொரு திருகுக்கும் பொட்டு வைத்தாள். அப்பா வந்து சிடியைப் போட்டார். மூச்சிழுக்கும் சத்தம் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடகி ஜன்னலோரத்தை விட்டு எங்கள் நேர் எதிரே, நட்டநடுவில் வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, ஆரு இதைத் திருகுனது? அந்தம்மா ஷோகேஸ் பக்கம் போயிருச்சே" என்றார் அப்பா.

"இல்லீங்ப்பா, இப்பத்தான் நடுவுல நிக்கறாங்க. முன்னாடியெல்லாம் ஜன்னல்கிட்டயில்ல நின்னாங்க."

"என்ன ஒளர்ற? இத்தனை நாளா நடுவுலதான நின்னுச்சு?"

அவர் விளையாடவில்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவரை எழுப்பிவிட்டு நாற்காலியில் நானே உட்கார்ந்து கேட்டேன். நடுவில்தான். பொரித்தட்டோடு வாசலில் நின்ற அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டை வைத்துவிட்டு வந்து செட்டை அணைத்தாள். குனிந்து திருகைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் வலப்பக்கம் போய் நின்று, "ஏனுங்க" என்றாள். அவர் அசையவில்லை. இன்னொரு முறை, "ஏனுங்க." அதற்கும் அசையவில்லை. சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, முன்னைவிட மெதுவாக, "ஏனுங்க" என்றாள்.

"சொல்லு" என்று உடனே திரும்பினார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பக்கம் நின்னுட்டுத்தானுங்க இத்தனை வருசமாப் பேசிட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு அப்பா சொன்னதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது. "உங்கூர்ல எல்லாரும் உன்னைய வாயாடிங்கறாங்க. வீட்டுக்குள்ள எங்கிட்ட மட்டும் பேசவே மாட்டீங்கறயேன்னு நெனச்சுட்டிருந்தேன், அம்மணி."

கிரைண்டிங் கல் எப்போதும் அவர் வலப்பக்கம் ஓடியதில் அந்தக் காது கொஞ்சங்கொஞ்சமாகப் போய்விட்டதென்றும் இனி அது திரும்பாதென்றும் டாக்டர் சொன்னார். போனது அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது. இதற்காகவா ஒரு குடும்பம் உடைய இருந்தது என்று நினைத்தால் இப்போதும் திக்கென்கிறது. அன்னூர்ப் பை பிரிக்கப்பட்டது, திருகு பழைய இடத்துக்கே போனது, அப்பாவின் வலப்பக்கம் ஒரு நாற்காலி போட்டால் அதில் துணிமணிதான் கிடக்கும். அம்மா இடப்பக்கம் உட்கார்ந்து, விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்துப் பேசினாள். அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கக் கண்டு, "கட்டலைத் திருப்பிப் போடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள்; சகுனம் பார்க்கிறாள் என்று நர்ஸ்கள் நினைத்தார்கள்.

இப்போது அம்மா சரவணம்பட்டியில் என்னோடு இருக்கிறாள். செட்டு ஓடுவதை நிறுத்திவிட்டது, சிடிகள் வாங்கவும் ஆளில்லை. போன மாதம் சொம்பளவு உருண்டையாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்து, செல்போனிலிருந்து அதே பாட்டைப் போட்டேன். அதில் திருகும் இல்லை, வலதும் இடதும் இல்லை. அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்கு எந்தப் பக்கம் உக்காந்து கேக்கறது கண்ணு?"

"எங்க உக்காந்தாலும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போய், யாரும் உட்காராமல் கிடக்கும் அப்பாவின் நாற்காலிக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.