சாவு வீட்டுக்கு வந்த பாலன்

ஸ்டார் கட்டுவது, கேக் வெட்டுவது, புதுத்துணி போட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பது, இதுதான் கிறிஸ்துமஸ் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். நான் சொல்ல வருவது வேறு கிறிஸ்துமஸ். அதற்காக ஒரு தெருவையே பகைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உப்பளத்துப் பக்கம் நடந்தால் எங்கள் தெரு வரும். தெருக்கோடியில் ஓடு போட்ட சின்னக் கோவில். பங்குச் சாமியார் வேறு ஊரில் இருக்கிறார், பூசைக்கு மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் கோவிலுக்கு ஜெபம் நடத்துகிற உபதேசியார் பொறுப்பு, தெருவுக்கு ஊர்ப் பெரியவர் பொறுப்பு. வீட்டுக்கு ஒருவராவது உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாத்தியெல்லாம் வெள்ளக்காடு. குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். பொங்கல் தாண்டித்தான் மறுபடி வேலை. ஆக எங்களுக்குக் கிறிஸ்துமஸ் எப்போதும் வேலை இல்லாத காலத்தில்தான் வருகிறது. எனக்கு அதில் ஒரு திருப்தி உண்டு. வீட்டில் அடுப்பு நன்றாக எரிகிற மாதமாகப் பார்த்து வருகிற சாமி இல்லை அவர்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற பாலன் இயேசு சொரூபம் எங்கள் கோவிலில் இருக்காது. வருஷம் முழுக்க ஒரு வீட்டில் இருக்கும். அந்த வீட்டை முறை வீடு என்போம். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பாலனைக் குடிலிலிருந்து எடுத்து, வரிசைப்படி அடுத்த வீட்டில் கொடுப்பார்கள். அந்த வீட்டார் தினமும் விளக்கு ஏற்றி, வரப்போகிற கிறிஸ்துமஸுக்குப் புது உடுப்பு தைத்து வைக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது அந்த வீட்டுப் பெண் பாலனைக் கையில் ஏந்தித் தெரு முழுக்க நடந்து கோவிலில் சேர்ப்பாள். தெரு பின்னால் பாடிக்கொண்டு வரும். ஒரு வீட்டுக்கு முறை வந்துபோனால் மறுபடி வர ஒரு தலைமுறை ஆகும்.

அந்த ஜனவரியில் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பேன். மிஷினுக்கு மேலே இருந்த ஷெல்பில் பாலனை வைத்தோம். என் வீட்டுக்காரர் விடியற்காலையில் உப்பளத்துக்குக் கிளம்பும்போது ஷெல்பைப் பார்த்து, "வர்ட்டாடா, வீட்டைப் பாத்துக்கோ" என்பார்.

"சாமியைப் போயி வாடா போடாங்கறீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?" என்று நான் சண்டைக்குப் போவேன்.

"என் வீட்டுல இருக்கிற புள்ளைய நான் எப்படி வேணா கூப்புடுவேன். உனக்கு இன்னா வந்துது?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பார். எங்களோடு இருந்த என் மாமியார் அதைக் கேட்டுச் சிரிப்பார்.

ஆகஸ்டில் ஒருநாள் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, விடுங்கள்.

அடக்கம் முடிந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன். ஷெல்பில் விளக்கு மட்டும் இருந்தது. பாலன் இல்லை.

"பொணத்தை உள்ள எடுத்தார்றதுக்கு முன்னாடியே எடுத்துனு போயிட்டாங்க," என்றார் அத்தை. "சாவு வீட்டுல பாலன் இருக்கக் கூடாதில்ல. பெரியவர் வீட்டுல வெச்சிருக்காங்களாம்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டில் சாவு விழுந்து நான் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்த நேரத்தில், அந்த வீட்டில் இருந்தே ஆக வேண்டிய ஒருவரை வெளியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் காலி ஷெல்பைப் பார்த்து மறுபடி ஒரு மூச்சு அழுதேன். அழுகை நின்றதும் கோபம் வந்தது. அது டிசம்பர் வரைக்கும் ஆறவில்லை.

தெருவில் ஸ்டார்கள் தொங்க ஆரம்பித்ததும் பெரியவர் வீட்டுக்குப் போனேன். உபதேசியாரும் அங்கே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பாலனை எடுத்துனு போலாம்னு வந்தேன்," என்றேன் பெரியவரிடம்.

"இந்த வருஷம் முறைய உன் பக்கத்து வீட்டுக்கு மாத்திட்டோம்மா. நீ துக்கம் காக்கணும். உன் நல்லதுக்குத்தான் சொல்றது."

"அப்ப அடுத்த வருஷம் எனக்கு வருமா?"

அவர் டம்ளரை எடுத்து டீயை ஆற்ற ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. துக்கம் ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும், தாலி இல்லாத கழுத்து அப்படியேதான் இருக்கும். விதவை கையில் பாலனைக் கொடுக்க மாட்டோம் என்பதைத்தான் மனுஷர் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"ஆனா உடுப்ப நீயே தெச்சிடும்மா," என்றார் டம்ளரைக் கீழே வைத்து. "உன் கைத் தையல் மாதிரி வராது."

பாருங்கள் நியாயத்தை. தைக்கிற கைக்குத் தீட்டு இல்லை, தூக்குகிற கைக்கு மட்டும் தீட்டு. நான் உபதேசியார் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, குழந்தைய எருசலேம் கோவிலுக்குக் கொண்டாந்தப்போ வந்து பாத்து சந்தோஷப்பட்டது யாரு? ஒரு வயசான விதவைதானே? அந்தம்மாவை யாராவது தள்ளி நில்லுன்னாங்களா?"

"அது பைபிள்லம்மா," என்றார் அவர். "இது ஊரு."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷர், உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஊர் வேறு, பைபிள் வேறு என்றால் அப்புறம் எதற்கு வாராவாரம் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசிக்கிறோம்? துணி எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் அத்தை எனக்காகக் காத்திருந்தார். அதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது.

"விட்டுத் தொலைடி. உனக்கு ஒரு பொண்ணு இருக்குது. மெட்ராஸ்ல தனியா வேலை பாக்குது. நாளைக்கு அதுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட உன்னைத்தான் சொல்லுவாங்க, தாலி அறுத்தவ பாலனைத் தொட்டா, அதான் இப்படி ஆச்சுன்னு."

"சொல்லட்டும் அத்தை."

"உனக்குத் திமிரு."

"ஆமா."

அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெறும் திமிரா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் சொல்லிக் கொடுக்கிற கதைதான். கடவுள் மனுஷனாகப் பிறந்தார் என்று வாய் கூசாமல் சொல்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? மனுஷனாகப் பிறப்பது என்றால் சாகிற கூட்டத்தில் ஒருவனாக வந்து சேர்வதுதான். இந்தப் பூமி முழுக்கச் சாவு வீடுதானே? தெரிந்துதானே வந்தார்? மாட்டுத் தொழுவத்தில் கிடந்தவர் தீட்டுப் பார்த்தாரா? சத்திரத்தில் இடமில்லை என்று கதவைச் சாத்தியவனைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். அதே ஆட்கள்தான் என் வீட்டிலிருந்து குழந்தையை வெளியே எடுத்துக்கொண்டு போனார்கள். சாவு விழுந்த வீட்டுக்குள் வராதவர் என்றால் அவர் எனக்கு எதற்கு? அப்படிப்பட்டவரை நான் கும்பிடவில்லை. நான் கும்பிடுகிறவர் வருவார். அவர் வருவதற்கு ஊர் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை.

துணி எடுக்கக் கூனிமேட்டில் ஒரு பாய் கடைக்குப் போனேன். விலை குறைந்த சாட்டினைக் கையில் எடுத்ததும், "எதுக்கும்மா?" என்றார். பாலன் இயேசுவுக்கு என்றேன். என் கையிலிருந்ததை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் வேறு ஒன்றை எடுத்து வந்தார்.

"ஈசா நபி பேரைச் சொல்லிட்டு மட்டமான துணி எடுக்காதம்மா. இத எடு, அதே வெலைதான்."

கழுத்தில் தாலி இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, தைத்த உடுப்பை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் கோவிலில் சீரியல் செட் கட்டுகிறவர்களோடு இருந்தார். அவர் மனைவி மட்டும் வீட்டில் இருந்தார்.

"போட்டுப் பாக்கணும் சின்னத்தை. பத்தலைன்னா பிரிச்சித் தெக்கணும்."

அவர் பிரிட்ஜ் மேலே கையை விட்டு, ஸ்டெபிலைசருக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டு மூட்டையை எடுத்தார். என் வீட்டில் இருக்கக் கூடாது என்று எடுத்தவர்கள் வைத்திருந்த இடம் இது. துண்டைப் பிரித்துத் தூசியைத் துடைத்து உடுப்பைப் போட்டேன். அளவெடுத்த மாதிரி இருந்தது. பாலனைக் கையில் எடுத்தேன்.

"வர்றேன் சின்னத்தை. முறை எங்க வீட்டுது. கோவில்ல சேத்துடறேன்னு மாமாகிட்ட சொல்லிடுங்க."

"ஏய், இன்னாடி பண்றே?" என்று பின்னாலேயே வந்தார். நான் ஓடவில்லை. ஓடினால் திருட்டு. தெரு நடுவில், எல்லாரும் பார்க்கிற மாதிரி, மெதுவாக நடந்தேன். முறை மாற்றிக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு வாசலில் நின்றிருந்தாள்.

"அக்கா," என்றாள், என் கையைப் பார்த்து.

"உனக்கு அடுத்த வருஷம்தான் முறை. அத யாரும் எடுக்க முடியாது. எடுத்தா எங்கிட்ட சொல்லு."

வீட்டுக்கு வந்து பாலனை ஷெல்பில் வைத்து விளக்கை ஏற்றினேன். பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பாலனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், பெரியவரும் உபதேசியாரும் ஆண்கள் கொஞ்சப் பேரும் நின்றிருந்தார்கள்.

"பாலனைக் குடும்மா," என்றார் பெரியவர். "ஊரை எதுத்துக்காத."

"எதுக்கல மாமா. முறையைச் செய்யறேன்."

"ஒருத்தரும் பின்னாடி வர மாட்டோம்."

"வராதீங்க."

அவர் படியை மறித்துக்கொண்டு நின்றார். நகரவில்லை. பாலனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து அத்தை வந்தார். குளித்து, கோவிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையைக் கட்டி முக்காடு போட்டிருந்தார். என்னைத் தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பெரியவருக்கு நேராக நின்றார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் செத்த வருஷமும் முறை எங்க வீட்டுதுதான். அப்ப உங்கப்பா பெரியவரு. இதே வாசல்ல நின்னு இதையேதான் சொன்னாரு. நான் சரின்னு ஒதுங்கினேன். ஓரமா நின்னு வேற ஒருத்தி தூக்கினு போறதைப் பாத்தேன். இவ ஒதுங்க மாட்டேங்கறா. நகரு."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. பெரியவர் பக்கவாட்டில் நகர்ந்து நின்றார்.

நடந்தோம். பாட ஆள் இல்லை, நானே பாடினேன். என் குரல் ஒன்றும் பிரமாதமில்லை. பாதித் தெருவில் எனக்குப் பின்னால் இன்னொரு குரல் சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண். அப்புறம் ஞானோபதேசப் பிள்ளைகள் சிலர் ஓடி வந்தார்கள். ஆண்கள் வரவில்லை. உபதேசியார் மட்டும் குறுக்கே நடந்து முன்னால் போய்க் கோவில் கதவைத் திறந்து பிடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோவில் வாசல்படியில் நான் நின்றேன். பாலனை அத்தை பக்கம் நீட்டினேன்.

"நீங்க எடுத்துனு போங்க."

"நானா? வேணாம்டி," என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"உங்க முறை அத்தை. அப்பவே உங்களுதுதான்."

பிறகு கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கினார். மேலும் கீழுமாக ஒரு தடவை அசைத்துப் பார்த்தார்.

"இவ்ளோதானா கனம்?" என்றார். "இதுக்காடி என்னை இத்தனை வருஷம் தள்ளி நிக்க வெச்சாங்க?"

குடிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். சாமியார் வந்து பூசைக்கு மணி அடிக்கிற வரைக்கும் பாலனை மடியிலிருந்து இறக்கவில்லை. கொடு என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.