மேட்டில் மூச்சு வாங்கும் வண்டி

சொந்த அக்கா புருஷன். வண்டிக்குக் கோளாறு வந்ததும் ஊரில் இருக்கிற பட்டறை ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோனார். அடுத்த தெருவில் இருக்கிற என் பட்டறைக்கு மட்டும் வரவில்லை. புது டயர் போட்டால்கூட முதலில் என்னிடம் காட்ட வருகிற மனிதர். அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது, வருஷக்கணக்காக. எதிர்ப் பட்டறைக்காரன் வேறு டீக்கடையில் வைத்து, "என்னப்பா, உங்க வீட்டு மாப்பிள்ளையே உன்னை நம்பலையாமே?" என்பான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

நான் அவரை மாமா என்பேன். ஊர் அவரை ஆமை என்றது. ஜன்னல் கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் ஏற்றுவதுதான் அவர் பிழைப்பு. பழைய டீசல் பிக்கப். பின்னால் மரச்சட்டம் அடித்து, கிழிந்த மெத்தையைச் சுற்றிக் கண்ணாடிகளைச் சாய்த்துக் கட்டியிருப்பார். பள்ளம் கண்ட இடத்தில் அந்த வண்டி ஓடாது, நடக்கும். அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வருவாள்.

"மெதுவா போங்க, மெதுவா போங்க."

"இதுக்கு மேல மெதுவா போனா வண்டி ரிவர்ஸ்ல போகும்டி" என்பார் மாமா.

ஒருதரம் எங்கோ போட்ட டீசலில் தண்ணீரும் துருவும் வந்து பம்ப் போயிற்று. அன்றிலிருந்து அக்கா எந்தப் பெட்ரோல் பங்கையும் நம்பி நேராக டேங்கில் போட விடவில்லை. கேனில் வாங்கி வரச் சொல்வாள். புனலின் அடியில் தன் பழைய சேலைத்துணியைக் கட்டி, காலையில் அவளே டேங்கில் ஊற்றுவாள். குழந்தைக்குப் பால் வடிகட்டுகிற மாதிரி அத்தனை பொறுமை. அந்த வேலையை வேறு யாரும் தொடக் கூடாது.

அப்படி ஊற்றி முடித்த ஒரு காலையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி மேட்டுக்கு மேலே இருக்கிறது. நீளமான ஏற்றம், ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் சரிவு. மாமா அவளை முன்சீட்டில் சாய்த்து, ஆயுசில் முதல்முறையாக வண்டியை விரட்டினார். ஏற்றத்தின் பாதியில் அவள் கண்ணைத் திறந்து, "மெதுவா போங்க, கண்ணாடி உடைஞ்சிடும்" என்றாளாம். பின்னால் கண்ணாடியே இல்லை. அதற்கப்புறம் அவள் வாய் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மாமா தொழிலுக்குத் திரும்பினார். சீக்கிரமே வண்டி அந்த ஏற்றத்தில், அந்த இடத்தில், இழுவை இல்லாமல் நின்றது.

பட்டறைக்காரர்கள் ஃபில்டரை மாற்றினார்கள். பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள். சமதரையில் வண்டி குதிரை மாதிரி ஓடும். சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுப்பார்கள். நாலு நடை ஒழுங்காக ஏறும், ஐந்தாவதில் நிற்கும். கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். "ஆமைக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று சிரித்தார்கள்.

ஒருநாள் அக்கா மகள் என் பட்டறைக்கு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"மாமா, வண்டி மேட்டுல பின்னால உருண்டிருக்கு. பின்னாடி வந்த லாரிக்காரன் ஒதுங்கலைன்னா அப்பா சரிவுல கிடந்திருப்பாரு. அம்மா இருந்தா குதிச்சு இறங்கி டயருக்குக் கட்டை வைப்பாங்க. இப்ப யாரு வைப்பா?"

"என்கிட்ட ஏம்மா சொல்ற? உங்கப்பாவுக்குத்தான் ஊரெல்லாம் மெக்கானிக்காச்சே."

"உங்க கோபத்தை அப்புறமா வச்சுக்கங்க. அந்த மேட்டுல அம்மாவைக் கொடுத்தாச்சு. இவரையும் கொடுக்கணுமா?"

தாய்மாமன் என்கிற வீறாப்பெல்லாம் அதோடு போயிற்று.

மறுநாள் மாமா கண்ணாடி ஏற்றிக் கிளம்புகையில் கேட்காமலே கதவைத் திறந்து ஏறினேன்.

"அது உங்க அக்கா சீட்டு" என்றார்.

"தம்பிதானே உட்கார்றேன். ஓட்டுங்க."

ஏற்றம் தொடங்கியது. பாதிவரை ஒன்றுமில்லை. பாறையில் கறுப்பாக ஈரம் கசிகிற ஒரு இடம் உண்டு. அது நெருங்கியதும் மாமா வண்டிச் சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரி இல்லை. வாசலில் யாரோ வருவதைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்தார். சத்தம் மெலிந்தது. மிதித்தால் மிதித்தபடி இருக்கிறது, வண்டி இழுக்கவில்லை. இரண்டு தடவை குலுங்கி அடங்கிவிட்டது. நான் குதித்துக் கட்டையை வைத்தேன்.

பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், புகை இல்லை. கறுப்பாகக் கக்கியிருந்தால் காற்றுக் குறை. புகையே இல்லாமல் அடங்கினால் டீசல் வரவில்லை. பானெட்டைத் தூக்கி ஃபில்டர் மேலிருக்கும், டீசலை இழுக்கிற கை பம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுத்தினால் அது தானாக மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லை. உள்ளேயிருந்து எதுவோ பிடித்து இழுத்து வைத்திருந்தது.

அப்போது கேபினுக்குள் மாமா குரல்.

"சரி... சரிடி. மெதுவாத்தான் வந்தேன். பாப்பா நல்லா இருக்கா. உன் தம்பிதான் கூட வந்திருக்கான், இன்னும் முறைச்சுக்கிட்டே இருக்கான்."

வெயில் சுள்ளென்று அடிக்கிறது; எனக்குக் கையில் மயிர் நட்டுக்கொண்டு நின்றது. விரலை எடுக்கத் தோன்றவில்லை. அப்படியே நிற்கையில், தூங்குகிற ஆளின் நெஞ்சு எழும்புகிற மாதிரி, அந்தப் பம்ப் என் விரலுக்கடியில் மெல்ல எழும்பியது. மாமா சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது.

மேலே போய் நிறுத்தியதும் சொன்னேன்.

"மாமா, கோளாறு டேங்க்ல இருக்கு. உள்ள ஏதோ மிதக்குது. மேட்டுல ரொம்ப நேரம் இழுக்கிறப்ப அது போய் டீசல் இழுக்கிற குழாய் வாயில ஒட்டிக்குது. எஞ்சின் நின்னதும் விட்டுடுது. டேங்க் நிறைய இருந்தா வராது, குறைஞ்சா வரும். அதான் பட்டறையில எவனுக்கும் சிக்கல."

"டேங்கைத் தொடாதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாப் பட்டறையிலும் அவர் இதையே சொல்லியிருக்கிறார். எதை வேண்டுமானாலும் கழற்று, டேங்கை மட்டும் தொடாதே.

"அதான் என்கிட்ட வரலையா?"

"நீ சொன்னா கேக்க மாட்டே மச்சான். திறந்துடுவே."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"அவ போன அன்னிக்குப் புனல்ல துணி இல்ல, டேங்குக்குள்ள விழுந்திருக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பார்த்துட்டேன்."

"வெறும் துணி மாமா அது!"

"துணின்னு எனக்குத் தெரியாதா? யாரோட துணி? அவ பேசின இடத்துலதான நிக்குது. துணிக்கு அந்த இடம் தெரியுமா?"

ஏற்றத்தின் நீளம், சுமை, அரை டேங்க் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். கடைசிவரை கேட்டார். "நல்லா சொல்றே" என்றார், குழந்தையின் மழலையைக் கேட்டவர் மாதிரி.

ஆனாலும் மகள் அழுத அழுகைக்கு அவர் சாவியைத் தந்தார். டேங்கை இறக்கிக் காலி செய்தபோது எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினேன். செத்த மீன் மாதிரி வழவழவென்று வந்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அக்கா என் பட்டறைக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறாள். நடுவில் குழாய் வாய் அழுந்தி அழுந்தி வட்டமாக ஒரு தடம், முத்திரை குத்தின மாதிரி. மகள் சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்த்தாள். வாடை போகவில்லை. மாமா அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நடை வண்டி தங்குதடை இல்லாமல் ஏறியது. நான்தான் கூட இருந்தேன். ஈரப் பாறை வந்தது, போனது. மேலே நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "அவ ஒரு வார்த்தை பேசலடா" என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் சுமை எடுக்கவில்லை. பிறகு எந்தப் பக்கமும் எடுக்கவில்லை. சாவி என் பட்டறை ஆணிக்கு வந்து சேர்ந்தது.

அவர் கண்ணாடிகளை இன்று நான்தான் ஏற்றுகிறேன். வண்டியில் ஒரு குறை கிடையாது, நட்டு நட்டாகப் பார்த்தாயிற்று. ஆனாலும் அந்தப் பாறை வந்தால் என் கால் தானாகத் தளர்ந்துவிடும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக் கொல்லுவான். பக்கத்து சீட்டை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாமாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தபோது மகள் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனாள். வேண்டாம், பிக்கப்பில்தான் போவேன் என்று அடம்பிடித்தார். தூக்கி அக்கா சீட்டில் உட்கார வைத்தேன். சட்டைப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்தார். இன்னும் டீசல் வாடை.

"மச்சான், டேங்க் பாதிதான இருக்கு? இதை உள்ள போட்டுட்டு வண்டியை எடு. மேட்டுல நின்னா கட்டையை வச்சுட்டு, நீ கொஞ்ச நேரம் இறங்கி அந்தப் பக்கமா போய் நில்லு."